செம்மண் லாரியில் வந்த ஏழாவது கல்

கேள்வி: ஆவடிக்கு அந்தப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்து 4 வருடம் ஆகிறது. பக்கத்து மனையை மேடாக்க 6 லாரி செம்மண் கிராவல் கொட்டினார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் அந்தக் குவியலில் விளையாடப் போய் விநோதமான கற்கள் சிலவற்றைக் கொண்டுவந்தான். அன்று பிடித்த பைத்தியம், இப்போது ஞாயிறுதோறும் நண்பர்களோடு பூண்டி, சீத்தஞ்சேரி பக்கம் போய்க் கல் பொறுக்குகிறோம். ஒரு சிமென்ட் சாக்கு நிறையச் சேர்ந்துவிட்டது. அதில் 11 கற்களின் படங்களை அனுப்பியிருக்கிறேன். எவையெல்லாம் கற்காலக் கருவிகள்? எத்தனை வருடப் பழமை? ஒரு நண்பர் 15 லட்சம் வருடம் என்று அடித்துச் சொல்கிறார். விலைக்குக் கேட்கவும் ஆள் இருக்கிறார்களாம். இவை நம் ஆதித் தமிழர் செய்தவைதானா? மகன் பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாமா?

பதில்: முதலில் உங்கள் மகனைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொல்லிவிடுங்கள். அனுப்பிய 11 படங்களில் ஐயமில்லாத கற்கருவி ஒன்றே ஒன்றுதான்: ஏழாவது கல். அது நீங்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டு பூண்டி போய்ப் பொறுக்கியது இல்லை. அவன் வீட்டு வாசலில், செம்மண் குவியலில் எடுத்தது.

எட்டாவது கல்லும் பெரும்பாலும் மனிதன் தட்டியதுதான். ஒன்பதாவதைப் பற்றிப் படத்தை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். மற்ற எட்டும் வெறும் கற்கள். வருத்தப்படாதீர்கள், 11-க்கு 2 என்பது முதல் முறை பொறுக்குபவருக்கு நல்ல கணக்கு. என் முதல் மூட்டையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

கழித்தவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடுவோம். ஒன்று, இரண்டு, ஐந்து ஆகிய மூன்றும் ஆற்றில் உருண்டுவந்த கூழாங்கற்கள். ஒரு பக்கம் உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். நான்காவதில் ஆதிமனிதன் முகம் செதுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் கண், மூக்கு, வாய் எல்லாம் தெரிகிறது. மேகத்திலும் தெரியும், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரிலும் தெரியும். ஆறாவதில் இருக்கும் துளை செம்புரைக்கல்லில் இயல்பாக விழுவது. பத்தாவதைப் 'பளபளப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கோடாரி' என்று குறித்திருக்கிறீர்கள். வழவழப்பு உண்மைதான், ஆனால் அது உருளையின் வழவழப்பு. அம்மிக் குழவியின் உடைந்த முனை அது. யாரோ ஒரு பாட்டி நாற்பது வருடம் தேங்காயும் மிளகாயும் அரைத்துத் தீட்டியிருக்கிறார். தீட்டிய கோடாரி என்றால் ஒரு முனை இரண்டு பக்கமிருந்தும் சரிந்துவந்து வெட்டுவாயாகக் கூடியிருக்க வேண்டும். பதினொன்றாவது விண்கல் இல்லை. பழைய இரும்பு உருக்கின் கசடாகவோ செங்கல் சூளையில் உருகிய கட்டியாகவோ இருக்கலாம். குமிழிகள் நிறைந்த கல்லைப் பார்த்தாலே விண்கல் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

மூன்றாவது கல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். பலரும் ஏமாறுகிற கல் அது. கறுப்பாக, முக்கோணமாக, விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது. செதில் பெயர்ந்த தழும்புகூட உண்டு. ஆனாலும் அது கல்லுடைக்கும் ஆலையிலிருந்து வந்த ஜல்லி. இயந்திரத் தாடை கல்லை நொறுக்கும்போதும் செதில்கள் பெயரும், கூர்விளிம்பு கிடைக்கும். நிறத்தைப் பாருங்கள்: எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பு, ஒரே புதுமை, ஒரு பக்கம்கூடப் பழுப்பேறவில்லை. நேற்று உடைந்த கல்லுக்கு மட்டும்தான் அப்படி ஒரு முகம் இருக்கும். அதோடு, அந்தப் பாறை பல்லாவரம், திரிசூலம் மலைகளில் கிடைக்கும் சார்னோக்கைட். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்தப் பாறையால் ஆனது என்பதால், 1893-ல் ஹாலந்து என்ற புவியியலாளர் இதற்கு அவர் பெயரை வைத்தார். நம் ஊர்க் கல்லுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். வீடு கட்ட, சாலை போட அருமையான கல். ஆனால் இங்கே கிடைக்கும் பழைய கற்காலக் கைக்கோடாரிகள் பெரும்பாலும் குவார்ட்சைட்டில் செய்தவை.

ஏன் குவார்ட்சைட்? கடையில் வாங்கிய பெரிய கற்கண்டுக் கட்டியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மணிமணியாக உதிரும். கருங்கல் வகைகள் பலவும் அப்படித்தான், பெரிய மணிகள் சேர்ந்த பாறைகள். அடியின் வேகம் மணிகளின் இடுக்கில் சிதறிப்போகும். குவார்ட்சைட் பழைய மணற்கல் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இறுகி ஒரே உடம்பானது. அடித்தால் முறிவு மணிகளைச் சுற்றிப் போகாது, ஊடறுத்துக்கொண்டு போகும். அதனால்தான் கண்ணாடி மாதிரி செதில் பெயரும், விளிம்பு கூராக வரும். புதிய முறிவை வெயிலில் திருப்பினால் சர்க்கரை தூவியது போல மினுக்கும். உங்கள் ஏழாவது கல்லின் உடைந்த முனையில் அந்த மினுக்கு படத்திலேயே தெரிகிறது.

இப்போது அந்த ஏழாவது கல்லுக்கு வருகிறேன். பக்கத்தில் நீங்கள் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்திருந்ததால் நீளம் 13 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும் என்று கணக்கிட முடிந்தது. (மற்ற படங்களில் நாணயம் இல்லை. அடுத்த முறை அடிக்கோல் வையுங்கள்.) ஒரு முனை அகன்று, மறுமுனை குறுகி, பாதாம்பருப்பு வடிவில் இருக்கிறது. நீங்கள் வடிவத்தைப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நான் வடிவத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். பாதாம்பருப்பு வடிவத்தில் ஆறு ஆயிரம் கூழாங்கற்களை உருட்டித் தரும். நான் முதலில் தேடுவது தழும்புகளை.

ஒரு கல்லை இன்னொரு கல்லால் ஓரத்தில் ஓங்கித் தட்டினால் அடி பட்ட புள்ளியிலிருந்து வேகம் கூம்பாக விரிந்து உள்ளே போகும். பேருந்துக் கண்ணாடியில் பொடிக்கல் தெறித்தால் உள்பக்கம் சிறு கூம்பாகப் பெயர்ந்திருக்குமே, அதே கதை. பெயர்ந்து விழும் செதிலில், அடி பட்ட இடத்துக்குக் கீழே சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும். குமிழ் என்போம். குளத்தில் கல் போட்டது போல அதிலிருந்து மெல்லிய வளையங்கள் விரியும். மேலே சுத்தியல் பட்ட சிறு தட்டைத்தளம் இருக்கும். இந்த மூன்றும் உங்கள் எட்டாவது கல்லில் இருப்பதால்தான் அதைச் செதில் என்றேன். செதில் பெயர்ந்த தாய்க்கல்லில் இதற்கு நேர் எதிரான அச்சு விழும்: புடைப்புக்குப் பதில் குழிவு. சிப்பியின் உள்பக்கம் போல ஒரு பள்ளம். அடுத்த செதில் பெயர்ந்தால் அடுத்த பள்ளம். இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே ஒரு வரப்பு.

ஏழாவது கல்லின் ஒரு முகத்தில் அப்படி 9 பள்ளங்கள் எண்ணினேன், மறுமுகத்தில் 7. ஆனால் எண்ணிக்கை பெரிய விஷயமில்லை. எல்லாப் பள்ளங்களும் விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிப் போகின்றன. ஒரு முகத்தில் பெயர்த்த பள்ளத்தையே தளமாக வைத்துக் கல்லைத் திருப்பி மறுமுகத்தில் அடித்திருக்கிறார்கள். அதனால் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் இலேசாக நெளிந்து நெளிந்து ஓடுகிறது. அகன்ற அடிப்பகுதியில் மட்டும் கல்லின் பழைய வழவழத் தோல் மிச்சம் இருக்கிறது. அங்கே யாரும் கை வைக்கவில்லை. மலையிலிருந்து உருண்டாலும், வெள்ளத்தில் மோதினாலும் கல் உடையும். ஆனால் உருளும் கல்லில் அடி விழுவது எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே. இந்தக் கல்லில் அடி விழுந்திருப்பது எங்கே மெலிய வேண்டுமோ அங்கே.

முனை உடைந்திருப்பதற்காக நீங்கள் வருந்தியிருந்தீர்கள். எனக்கோ அந்த உடைசல்தான் பெரிய உதவி. பொக்லைன் வாளியோ லாரித் தொட்டியோ உடைத்திருக்க வேண்டும். உள்ளே வெளிர் சாம்பல் நிறம். வெளியே பள்ளங்கள் எல்லாம் தேன் நிறத்தில், இடுக்கில் செம்மண் ஏறி, ஒரே சீராகப் பழுத்திருக்கின்றன. அதாவது செதில்கள் எடுத்த காலம் வேறு, முனை முறிந்த காலம் வேறு. நடுவே மிக நீண்ட இடைவெளி. பள்ளங்களில் பாதி பழுப்பாகவும் பாதி புதிதாகவும் இருந்திருந்தால் நான் இத்தனை உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அது கைக்கோடாரி. பழைய கற்காலத்தின் முற்பகுதியான அச்சூலியன் மரபைச் சேர்ந்தது. கோடாரி என்று பெயர்தான், காம்பு கிடையாது. கையில் பிடித்து வெட்ட, அறுக்க, தோண்ட என்று பல வேலைகளுக்கு வைத்திருந்தார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு 1863 நினைவுக்கு வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இளைஞர் அந்த ஆண்டு மே 30-ம் தேதி பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்று முதலில் காட்டிய கல் அது. எங்கே கிடைத்தது தெரியுமா? ராணுவக் குடியிருப்புக்குப் பக்கத்தில் சரளை எடுக்கத் தோண்டிய ஒரு சிறு குழியின் கழிவுக் குவியலில். யாரோ வெட்டிக் கொட்டிய மண்ணில்! உங்கள் மகனுக்கும் அவருக்கும் அந்த அளவில் ஒற்றுமை உண்டு.

ஆனால் ஃபுட் அதோடு நிற்கவில்லை. குவியலில் கிடைத்த கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற கேள்வி அவரை அரித்தது. ஐரோப்பாவில் இதே மாதிரிக் கற்கள் அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு ஒரே அடுக்கில் கிடைத்ததை அறிஞர்கள் ஏற்றுக்கொண்டு அப்போது 4 வருடம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் சக அதிகாரி வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஓடை அரித்த கரைகளில் கருவிகள் மண் அடுக்கோடு அடுக்காகப் பதிந்திருந்தன. அதற்குப் பிறகுதான் அவரால் செம்புரைப் படுகைகளில் கிடைக்கும் கற்கருவிகள் பற்றி உறுதியாக எழுத முடிந்தது. பல்லாவரத்துக் கல் கேள்வியைக் கிளப்பியது. பதில் அதிரம்பாக்கத்தின் கரையில் இருந்தது.

இப்போது 15 லட்சம் வருடக் கணக்கு. உங்கள் நண்பர் அதைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. அதிரம்பாக்கத்தில் சென்னை சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அகழாய்வு செய்துவருகிறார்கள். அங்கே ஆழத்து அடுக்குகளில் கிடைத்த அச்சூலியன் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். 2018-ல் வந்த அடுத்த முடிவு இன்னும் பேசப்பட்டது. கைக்கோடாரிகளை விட்டுவிட்டுச் சிறிய, திட்டமிட்டுப் பெயர்த்த செதில்களுக்கு மாறிய இடைப் பழைய கற்காலம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது அது.

சரி, அதே மாவட்டம், அதே வகைக் கல். உங்களுடையதும் 15 லட்சமா? சொல்ல முடியாது. காரணம் இதுதான். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தரைமட்டத்தில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது. இருப்பு மட்டும் கரையும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் கரைவதால் எது எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் புதைந்து எத்தனை காலம் என்று கணக்கிடலாம். அதிரம்பாக்கத்தில் இந்த முறையோடு, மண் படிந்தபோது பூமியின் காந்தத் திசை எப்படி இருந்தது என்ற சான்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் கல் எந்த அடுக்கில், எத்தனை ஆழத்தில் இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். பொக்லைன் அள்ளி, லாரி சுமந்து, ஆவடியில் கொட்டிய கல்லுக்கு அந்த விலாசம் இல்லை. கைக்கோடாரி வடிவத்தைப் பல லட்சம் ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். வடிவத்தை மட்டும் வைத்து எந்த லட்சம் என்று யாராலும் பிரிக்க முடியாது. 'பழைய கற்காலக் கைக்கோடாரி, சில லட்சம் ஆண்டுகளாவது பழையது' என்று எழுதி வையுங்கள். அதற்கு மேல் யாராவது எண்ணோடு சொன்னால் எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

இந்த விலாச விஷயத்தில் உங்களைக் கண்டிக்கும் தகுதி எனக்குக் குறைவு. மாணவனாக இருந்தபோது ஒரு கோடையில் இரண்டு ஓடைகளில் மேற்பரப்பு ஆய்வு செய்தேன். தனித்தனித் துணிப்பைகள், ஒவ்வொன்றிலும் தாள் சீட்டு. அறைக்கு வந்ததும் மண் போகக் கழுவலாம் என்று உற்சாகத்தில் இரண்டு பைகளையும் ஒரே வாளியில் கவிழ்த்துவிட்டேன். சீட்டுகள் கூழாகிப்போயின. எந்தக் கல் எந்த ஓடை என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். காலையில் என் ஆசிரியர் வந்து பார்த்தார், திட்டவில்லை. "நல்ல கூழாங்கல்லா இருக்கு, தோட்டத்துக்கு வச்சுக்கோ" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

உங்கள் சிமென்ட் சாக்கும் அந்த வாளிதான். ஞாயிறு ஞாயிறாக எங்கெங்கே போனீர்கள் என்பது கைபேசியில் எடுத்த படங்களின் தேதியிலும் இடக்குறிப்பிலும் இன்னும் இருக்கும். அதை வைத்து எந்தக் கல் எங்கே என்று முடிந்தவரை பிரித்துவிடுங்கள், மறப்பதற்கு முன் இந்த வாரமே. கல்லில் எண் எழுத ஒரு பழைய வழி உண்டு: வெட்டு விளிம்பைத் தொடாமல், மறைவான இடத்தில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பொட்டு, காய்ந்ததும் மெல்லிய பேனாவால் எண், மேலே இன்னொரு பூச்சு. வீட்டில் கேட்டால் நகப்பூச்சு கிடைக்கும். எண்ணுக்கு நேராக ஒரு நோட்டில் இடம், தேதி, எடுத்தவர். கம்பித்தூரிகை, அமிலம், எண்ணெய் எதுவும் வேண்டாம். உங்கள் படத்தில் ஏழாவது கல் கொஞ்சம் பளபளக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினீர்களோ? செய்திருந்தால் இனி வேண்டாம். இடுக்கில் ஒட்டியிருக்கும் செம்மண்ணும் சான்றுதான், விட்டுவிடுங்கள்.

பூண்டிப் பயணங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள், பாருங்கள், பொறுக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் மழைக்குப் பின் தரையில் தெரியும் ஒவ்வொரு செதிலும் அங்கே யார் எங்கே உட்கார்ந்து கல் தட்டினார்கள் என்பதன் மிச்சம். நல்ல கைக்கோடாரிகளை மட்டும் ஆட்கள் எடுத்துப் போக, உடைசலும் செதிலும் மட்டும் மிஞ்சினால், பின்னால் வரும் ஆய்வாளர் 'இங்கே கைக்கோடாரியே செய்யவில்லை' என்று முடிவு கட்டக்கூடும். சட்டமும் கடுமையானது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் இருந்து எதையும் எடுக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் எங்கேயும் தோண்டி அகழ்வது கூடவே கூடாது. மண்வெட்டி கொண்டுபோவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை வீட்டில் வைத்துவிடுங்கள். நூறு ஆண்டு கடந்த தொல்பொருளை உரிமம் இல்லாமல் விற்பதும் நாட்டைவிட்டு அனுப்புவதும் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விலைக்குக் கேட்கிறாராம் ஒருவர், அவரிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அழைக்க மாட்டார்.

ஆதித் தமிழர் செய்ததா என்ற கேள்விக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தமிழர் இல்லை, தெலுங்கர் இல்லை, நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ்கூட இல்லை. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கே வயது சுமார் 3 லட்சம் ஆண்டுதான், அதுவும் ஆப்பிரிக்காவில். அச்சூலியன் கருவிகளைத் தொடங்கிவைத்தவர்கள் அதற்கு முந்திய மனித இனத்தார். அதிரம்பாக்கத்தில் அவர்களுடைய எலும்பு கிடைக்கவில்லை. இந்தியா முழுவதிலும் அத்தகைய பழைய மனித மண்டையோடு என்று சொல்லும்படி கிடைத்தது 1982-ல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கண்டெடுத்த ஒன்றுதான். மொழிப்பெருமைக்கு இந்தக் கல் உதவாது. ஆனால் மழைக்காலத்தில் அதே கொசஸ்தலை ஆற்றங்கரையில் நல்ல கல்லைத் தேடி அலைந்தவர்கள் என்ற முறையில் அவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். எனக்கு அது போதும்.

ஒன்பதாவது கல்லை நான் ஒதுக்கவில்லை. அது வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ், 3 சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. நுண்கற்கருவியாக இருந்தால் பிற்காலத்தது, அம்புமுனையிலோ கைப்பிடியிலோ பதித்துப் பயன்படுத்தியது. ஆனால் வெங்கச்சாங்கல் மாட்டுவண்டிச் சக்கரத்தில் மாட்டினாலும் அழகான சில்லாக உடையும். விளிம்பில் வரிசையாகப் பொடிப்பொடித் தழும்புகள் இருக்கின்றனவா என்று பத்து மடங்கு பெருக்கும் கைலென்சில், மாலைச் சாய்வெயிலில் பாருங்கள். உச்சிவெயிலில் எல்லாக் கல்லும் சப்பையாகத்தான் தெரியும்.

கண் பழக வேண்டுமானால் மகனை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). ஃபுட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பை 1904-ல் அந்த அருங்காட்சியகம்தான் வாங்கியது. பூண்டியில் ஏரிக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, சின்னது, ஆனால் இந்த வட்டாரத்துக் கருவிகளே இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். இரண்டு இடத்திலும் அழகான கோடாரிகளை விட்டுவிட்டு, அசிங்கமான செதில்கள் முன்னால் அதிக நேரம் நில்லுங்கள். வீட்டிலேயே ஒரு கூழாங்கல்லைத் தட்டிப் பார்க்கவும் சொல்வேன். கண்ணுக்குக் கண்ணாடி, கையில் தடித்த துணி, செருப்புக்குப் பதில் ஷூ. உடைந்தவற்றைக் குப்பையில்தான் போட வேண்டும், தோட்டத்தில் வீசி 200 வருடம் கழித்து வருபவரைக் குழப்பக் கூடாது.

பள்ளிக் கண்காட்சி? வைக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. கண்டெடுத்த விவரத்தை எழுதி, படங்களோடு எழும்பூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மண்ணில் கிடைத்த பொருள் என்பதால் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு நகல். அவர்கள் கல்லைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். 2006-ல் மயிலாடுதுறைக்கு அருகில் செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டும்போது கிடைத்த தீட்டிய கல்கோடாரியைத் துறையிடம் ஒப்படைத்தார். அதில் இருந்த கீறல்கள் சிந்துவெளி எழுத்துகள் என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார். கருத்து வேறுபாடுகள் எழுந்தன, உலகம் முழுக்க விவாதம் நடந்தது. அந்தக் கல் அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்திருந்தால் விவாதிக்க என்ன இருந்திருக்கும்? கண்காட்சிக்குக் கல் இல்லாமல் போனாலும், இரண்டு முகமும் விளிம்பும் தெரியும்படி மகன் கையால் வரைந்த படம் போதும். வரைபவன் ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்தாக வேண்டும், அது இன்னும் நல்லது.

இனி முக்கியமானது அந்த லாரி. செம்மண் கிராவல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது? பக்கத்து மனைக்காரரிடம் ரசீது இருக்கும், இல்லாவிட்டால் மண் இறக்கிய ஓட்டுநரின் எண் கட்டட மேஸ்திரியிடம் கட்டாயம் இருக்கும். ஓட்டுநரிடம் எந்த ஊர், குழியின் எந்தப் பக்கம் அள்ளினார்கள், மேலே என்ன நிற மண் இருந்தது, எத்தனை அடி ஆழம் என்று கேளுங்கள். அவர்கள் இதையெல்லாம் துல்லியமாகச் சொல்வார்கள், எந்த அடுக்கில் கல் அதிகம் கிடந்து வாளிப்பல் தேய்ந்தது என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். குழிக்குள் நீங்கள் இறங்க வேண்டாம், சரிந்துவிடும். மேலிருந்து, சுவரின் மண் அடுக்குகள் தெரியும்படி ஒரு படம் எடுத்துத் துறைக்கு எழுதும் கடிதத்தோடு சேருங்கள். வெட்டு இன்னும் நடந்துகொண்டிருந்தால் கடிதத்தை இந்த வாரமே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. அந்த 6 லாரி மண்ணும் உங்கள் பக்கத்து மனையில்தான் கிடக்கிறது. அஸ்திவாரம் போடுவதற்கு முன், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, மகனை இன்னொரு முறை அதன்மேல் நடக்கவிடுங்கள்.